ஏழை மீன் விவசாயிக்குப் பயம் அதிகமா? – சந்தேகத்துக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒரு நேயர் கேட்கிறார்: "குட்டையில் குஞ்சைக் கூடுதலாக விட்டு, நல்ல தீவனம் போட்டால் லாபம் கூடும் என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். சிறு விவசாயிகள் கேட்டுக்கொள்கிறார்கள், ஆனால் பழையபடியேதான் செய்கிறார்கள். ஏழைகளுக்கு இயல்பிலேயே பயம் அதிகமா?"

இல்லை. பயம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், விழுந்தால் எவ்வளவு ஆழம் என்பதில்தான் வித்தியாசம்.

ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர் இந்தியக் கிராமங்களில் நிஜப் பணத்தை வைத்து, நிச்சயமான சிறு தொகையா, அதிர்ஷ்டத்தைப் பொறுத்த பெரிய தொகையா என்று தேர்ந்தெடுக்கும் ஒரு பரிசு ஆட்டம் நடத்தி, 1980-ல் முடிவுகளை வெளியிட்டார். சில்லறைக் காசு என்றபோது ஆளுக்கு ஒரு விதமாக விளையாடினார்கள். தொகை பெரிதானதும் பெரும்பாலோர் ஜாக்கிரதையாகிவிட்டார்கள். இதில் வசதியானவர், இல்லாதவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் கவனியுங்கள், அந்த ஆட்டத்தில் யாருக்கும் கைக்காசு போகவில்லை. குட்டையில் போகும்.

மீன் வளர்ப்புச் செலவில் பொதுவாகப் பாதிக்கு மேல் தீவனம்தான். மாதக்கணக்கில் தினமும் கொட்ட வேண்டும், வரவு அறுவடையன்றுதான். குஞ்சும் தீவனமும் கூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் வேகமாகத் தீரும். இரவில் பாசியும் சேர்ந்து அதை இழுக்கும், அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் மோசமான நேரம். மேகம் மூடிய நாளுக்கு அடுத்த விடியலில் கரையில் நின்று பாருங்கள், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம், வைத்திருப்பவர் ஸ்விட்சைப் போடுவார். இல்லாதவர் இறங்கித் தண்ணீரை அடித்துக்கொண்டிருப்பார். பல மாதத் தீவனம் ஒரே காலையில் செத்து மிதக்கலாம்.

இன்னொன்று. வயலில் ஒரு மூலையில் புது விதையைப் போட்டுப் பார்க்கலாம். குட்டையில் மூலை ஏது? தண்ணீர் ஒன்றுதான். ஒரே குட்டை வைத்திருப்பவருக்குச் சோதனை என்றாலே மொத்தத்தையும் வைத்து ஆடுவதுதான்.

ஒரு சிறு விவசாயி நாலைந்து வகை மீனைக் கலந்து விட்டிருந்தார், எதுவும் சரியாக எடை ஏறவில்லை. ஏன் இப்படி என்றேன். "ஒன்று போனால் ஒன்று இருக்குமே. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னா ரெண்டு கூடை பிடிச்சுக்குவேன்" என்றார். அப்புறம் மைத்துனரோடு உள்ள கரைத் தகராறுக்குப் போய்விட்டார், அது பெரிய கதை, விடுங்கள். அவர் கணக்கில் அது லாபத்துக்கான குட்டையே இல்லை, சேமிப்புக் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

உண்மையில் நேயர் வேறு ஒன்றைக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்: ரிஸ்க் யார் தலையில் விழுகிறது? நாம் பயந்தாங்கொள்ளி என்று சொல்லும் ஆள், வியாபாரியிடம் தீவனத்தைக் கடனுக்கு வாங்கி, அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்கிறார். நோய், விலை, வட்டி எல்லாம் அந்த விவசாயி தலையில்தான். இதற்கு மேலும் ரிஸ்க் எடுக்கச் சொல்கிறோம்.

சரி, காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். தண்ணீருக்குள் எத்தனை மீன் இருந்தது, எத்தனை செத்தது, நோயிலா கவனக்குறைவிலா என்று எப்படிக் காட்டுவது? கம்பெனி தயங்கும், இல்லையென்றால் பிரீமியத்தை ஏற்றும்.

என்னைக் கேட்டால், முதலில் கடன் தவணையை அறுவடை மாதத்துக்கு மாற்றுங்கள். மீன் செத்த வருடம் தவணை தானாகவே தள்ளிப்போக வேண்டும். புது முறையைச் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு முதல் வருட நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்பதாக எழுதிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுக்கத் தயங்கினால், அந்த முறையில் அவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை என்று விவசாயி கேட்கலாம்.