பார், போகி, கேடி: கோல்ஃப் சொற்களும் நம் காதும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் என்றதும் ரேடியோவை அணைக்கக் கை நீட்டியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த விளையாட்டில் புழங்கும் சொற்களில் பாதி உங்களுக்கு ஏற்கனவே பழக்கமான சத்தங்கள்தான். கேடி, பார், போகி, டீ, ஃபோர், பட். நம் வீட்டிலும் தெருவிலும் தினமும் காதில் விழுகிறவை. பொருள் மட்டும் அங்கே வேறு.

முதலில் கேடி. நான் கொடைக்கானலில் வளர்ந்தவன். 1895இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் ஒன்று அங்கே இருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறையில் ஆட்டக்காரர்களின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடப்பேன். அந்த வேலை செய்கிறவருக்குக் கேடி என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் யாரோ ஒருவர் அம்மாவிடம், "உங்க பையன் நல்ல கேடிம்மா" என்று மனதாரப் பாராட்டிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்த கேடி, போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கும் கேடி! கூடையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்துவிட்டார். எங்களையெல்லாம் மேய்க்கும் பெரியவரைக் கேடி மாஸ்டர் என்போம். அவர் முன்னால் போய் நின்றார்.

"எம்புள்ள எதைத் திருடுனான்? சொல்லுங்கண்ணே!"

"உக்காரு தாயி" என்று அவர் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். "பையைத் தூக்குறவன், பந்து எங்க விழுந்துச்சுன்னு பாத்து வைக்கிறவன், காத்து எப்படி அடிக்குதுன்னு சொல்றவன். அவன்தான் கேடி. உம்புள்ள சொன்னா பெரிய பெரிய ஆளுங்களே கேட்டு அடிக்கிறாங்க."

அம்மா திரும்பிப் போகும்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே போனார், என் மகன் கேடி என்று. பிரெஞ்சு மொழியில் இளைய மகனைக் குறிக்கும் 'கதே' என்ற சொல்தான் ஸ்காட்லாந்துக்குப் போய் எடுபிடிப் பையனாகி, பிறகு கோல்ஃப் பையைத் தூக்கியது. இதை அம்மாவிடம் சொல்லும் அளவுக்கு நான் படித்தது வெகுகாலம் கழித்து.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் பதக்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். அதுவரை கோல்ஃப் பக்கமே எட்டிப் பார்க்காத வீடுகளிலும் அன்று டிவி ஓடியது. அதிதியின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த கேடி யார் தெரியுமா? அவருடைய அம்மா. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று காலையிலிருந்து எத்தனை பேர் போன் செய்து கேட்டார்கள்: "பார்ன்னா என்ன? பேர்டின்னா என்ன?" அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

பார் என்பதை பஸ்ஸை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு இத்தனை மணிக்குள் பஸ் வந்து சேர வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும், இல்லையா? அதைப்போல, இந்தக் குழியில் பந்தைப் போட நல்ல ஆட்டக்காரர் இத்தனை முறை அடித்தால் போதும் என்ற கணக்குதான் பார். மூன்று, நான்கு அல்லது ஐந்து. மொத்தம் 18 குழி. அடி குறையக் குறையத்தான் வெற்றி. திரும்பவும் சொல்கிறேன், கிரிக்கெட் பழகிய நமக்கு இது உடனே மனதில் நிற்காது: குறைந்தவர்தான் ஜெயித்தவர்.

பஸ் ஒரு படி முந்தி வந்தால் பேர்டி. பாருக்கு ஒரு அடி குறைவு. அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சு வழக்கில் அருமையான எதையும் 'பேர்ட்', அதாவது பறவை, என்பார்கள். நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டி மைதானத்தில் யாரோ அடித்த பிரமாதமான அடிக்கு அந்தப் பெயர் வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது. குருவி பறந்துவிட்டால் சும்மா இருப்பார்களா? இரண்டு குறைந்தால் கழுகு, ஈகிள். மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். சிறகை விரித்தால் மூன்று மீட்டரையும் தாண்டும் கடற்பறவை அது. காண்பது அரிது, அடிப்பதும் அரிது. 1935இல் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில், பார் ஐந்து உள்ள 15ஆவது குழியில், ஜீன் சராசென் என்ற ஆட்டக்காரர் 235 கஜ தூரத்திலிருந்து அடித்த இரண்டாவது அடியே குழிக்குள் போய் விழுந்தது. அந்த ஒரு அடியால்தான் முன்னணியில் இருந்தவரோடு சமநிலைக்கு வந்தார், மறுநாள் ஜெயித்தும் விட்டார். பறவைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

பஸ் தாமதமானால்? ஒரு அடி கூடினால் போகி. ஆங்கிலேயரின் போகி என்பது நம் ஊர்ப் பூச்சாண்டி. 1890களில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சாண்டியோடு போட்டி போடுவதாக நினைத்து ஆடியதில் வந்த பெயர். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் போகியை வைத்து. பொங்கலுக்கு முந்தின நாள் பழையதைக் கழிக்கிறோம் அல்லவா? போகி அடித்துவிட்டாயா, அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த குழிக்கு நட.

டீ என்றால் குடிக்கிற டீ கிடையாது. முதல் அடிக்குப் பந்தை ஏந்தி நிற்கும் சின்னக் குச்சி. அது வருவதற்கு முன்னால், ஈர மணலைக் கேடி பிடித்து வைத்துத் தர, அதன் மேல் பந்தை வைத்து அடித்தார்கள். மரக் குச்சிக்கு 1899இல் காப்புரிமை வாங்கியவர் பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பல் மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட்.

இனி வருவது உயிர் காக்கும் சொல். ஃபோர்! இதைக் கேட்டால் கைதட்டாதீர்கள். ஒருமுறை வேலி ஓரம் நின்ற சுற்றுலாக் குடும்பம் ஒன்று, பவுண்டரி போய்விட்டது என்று குதூகலித்துப் பந்தைத் தேடி அண்ணாந்து பார்த்தது. நான் ஓடிப்போய் "தலை! தலையைக் குனிங்க!" என்று கத்தினேன். பந்து 46 கிராம்கூட இருக்காது, ஆனால் கல் மாதிரி வரும். ஃபோர் என்றால் 'பந்து வருது, தலையைக் காப்பாத்திக்கோ.' இது ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

பட் என்பது குழிக்குப் பக்கத்தில், புல்லை ஒட்ட வெட்டிய கிரீனில், பந்தை மெல்ல உருட்டுவது. பட்டென்று அடித்தால் பந்து குழியைத் தாண்டிப் போய்விடும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம்தான். டோக்கியோவில் அதிதி கடைசிக் குழியில் உருட்டிய பேர்டி பட் உள்ளே விழவில்லை. மொத்தக் கணக்கில் பாரை விட 15 அடி குறைவு, நான்காவது இடம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய இருவரும் 16 குறைவு. ஒரே ஒரு அடி!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் ஒரு விரலைக் காட்டுகிறார். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடினால் ஸ்லைஸ், இடப்பக்கம் வளைந்தால் ஹுக். ஹேண்டிகேப் என்பது, கேரம் ஆடும்போது சின்னப் பிள்ளைக்குப் பத்து பாயிண்ட் விட்டுக் கொடுப்போமே, அந்த மாதிரி. கடைசியாக மல்லிகன். தெரு கிரிக்கெட்டில் முதல் பந்து போல்டானால் "ட்ரையல் பால்" என்போமே, அதேதான். நண்பர்களுக்குள் செல்லும், போட்டியில் செல்லாது. நன்றி, வணக்கம்.