நெஞ்சு வலியா, வலிவா? மருத்துவம் கற்பிப்பதையே ஆராய்ந்த ஒருவர்

[காட்சி: பொள்ளாச்சி–பாலக்காடு சாலை. இருபுறமும் தென்னை. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதி.]

வணக்கம். பொள்ளாச்சியில் பஸ் ஏறிக் கோபாலபுரம் தாண்டினால் கேரளம். மாநிலம் மாறியதைக் கடைப் பலகைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பீர்கள். கொழிஞ்சாம்பாறையில் அது நடக்காது. ஒரே பலகையில் தமிழும் மலையாளமும் தோளோடு தோள் நிற்கும். இது சித்தூர் வட்டம். ஆந்திரத்துச் சித்தூர் வேறு, பாலக்காட்டுச் சித்தூர் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையை இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். அத்தைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். மலையாளம் சுத்தமாகத் தெரியாது. மருத்துவ மாணவர் ஒருவர் குறிப்பேட்டோடு வந்து கட்டிலருகே நின்றார். வடகேரளத்துப் பையன். மரியாதையான பிள்ளை.

“அம்மே, பனி உண்டோ?” என்றார்.

“பனியா? அது மார்கழியில்தானே கண்ணு விழும்?” என்றார் அத்தை.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அதைச் சொன்னதும் மூவரும் சிரித்தோம். அடுத்து நடந்தது சிரிக்கும்படி இல்லை. “நேற்றிலிருந்து நெஞ்சு வலிக்கிறது” என்றார் அத்தை. மாணவர் தலையாட்டினார், எழுதிக்கொண்டார், முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. மலையாளத்தில் வலிவு என்றால் மூச்சிளைப்பு. நம்முடைய வலிக்கு அங்கே வேதனை என்று பெயர். பையன் ஆஸ்துமாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்! “வலிவு இல்லை, வேதனை” என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஈ.சி.ஜி. எடுக்க ஆளைக் கூப்பிட ஓடினார். நல்லவேளை, அத்தையின் இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நோயாளியிடம் பேசும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் யாராவது உண்டா என்றுதான் யோசித்தேன். மருத்துவக் கல்வி ஆராய்ச்சி என்ற துறையில் ஒருவர் பெயர் வாங்கியதே இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான்.

[காட்சி: ஸ்காட்லாந்தின் வரைபடம். கிளாஸ்கோ, டண்டீ நகரங்கள் ஒளிர்கின்றன.]

பெயர் ரொனால்ட் ஹார்டன். கிளாஸ்கோவில் மருத்துவம் படித்தவர். தொடக்கத்தில் தைராய்டு சுரப்பியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு டண்டீ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கவனம் மெல்ல மெல்ல நோயாளியிடமிருந்து மாணவரின் பக்கம் திரும்பியது.

பழைய செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் தெரியுமா? மாணவருக்கு ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரிடம் தனியாகப் பேசி, பரிசோதித்துவிட்டு வந்து தேர்வாளரிடம் ஒப்பிக்க வேண்டும். தேர்வாளர் கேட்பது அந்த ஒப்பிப்பைத்தான். நோயாளியைக் கேள்வி கேட்ட விதம், கை வைத்த விதம், காது கொடுத்த விதம் எதையும் அவர் பார்த்ததில்லை. அதற்கு மேல் அதிர்ஷ்டம் வேறு. ஒருவருக்கு வாயைத் திறந்தாலே நோயின் பெயரைச் சொல்லிவிடும் நோயாளி கிடைப்பார்; இன்னொருவருக்கு எதைக் கேட்டாலும் ‘ம்’ கொட்டும் தாத்தா. ஒரு தேர்வாளர் தாராளம், மற்றவர் கறார்.

ஹார்டனும் சக ஆய்வாளர்களும் 1975-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு மாற்றை முன்வைத்தார்கள். மாணவர்கள் பல நிலையங்களைச் சுற்றி வர வேண்டும். ஒரு நிலையத்தில் நோய் வரலாறு கேட்பது, இன்னொன்றில் உடலின் ஒரு பகுதியை மட்டும் பரிசோதிப்பது, அடுத்ததில் கண்டறிந்ததைப் பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதுவது. மணி அடித்தால் நகர வேண்டும். எல்லாருக்கும் ஒரே சோதனைகள். தேர்வாளர் கையில் முன்கூட்டியே எழுதிய பட்டியல். கண்ணெதிரே மாணவர் செய்வதைப் பார்த்து மதிப்பெண் இடுவார். இதுதான் ஓ.எஸ்.சி.இ., அதாவது ‘அப்ஜெக்டிவ் ஸ்ட்ரக்சர்டு கிளினிக்கல் எக்ஸாமினேஷன்’. மருத்துவக் கல்லூரிகளில் ‘ஆஸ்கி’ என்பார்கள். சினிமா விருது என்று நினைத்துக்கொண்டு பெருமைப்பட்ட ஒரு பெற்றோரை எனக்குத் தெரியும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி நோயாளிக்கு எங்கே போவது? அதற்கு விடை அமெரிக்காவில் முன்பே இருந்தது. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், 1960-களின் தொடக்கத்திலேயே நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கியிருந்தார். தொடக்கத்தில் ஏளனத்துக்கு ஆளான அந்த யோசனையை இன்று உலகெங்கும் தேர்வுகளில் பயன்படுத்துகிறார்கள்.

[காட்சி: நான்கு அடுக்குக் கூம்பு கீழிருந்து மேலாக உருவாகிறது.]

இன்னொரு முன்னோடி, அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர். 1990-இல் அவர் ஒரு கூம்பு வரைந்தார். அடியில் ‘தெரியும்’, அதற்கு மேல் ‘எப்படி என்று தெரியும்’, அதற்கு மேல் ‘செய்துகாட்டுகிறார்’, உச்சியில் ‘செய்கிறார்’. எழுத்துத் தேர்வு கீழ் அடுக்குகளோடு நின்றுவிடும். ஹார்டனின் மணி மூன்றாம் அடுக்கு வரை ஏறும். யாரும் பார்க்காத இரவுப் பணியில் அதே மாணவர் என்ன செய்வார் என்பது உச்சி. அந்த இடத்துக்கு எந்தத் தேர்வும் எளிதில் போய்விடாது.

ஹார்டன் தேர்வோடு நின்றவர் இல்லை. பாடத்திட்டம் மாணவரை மையமாகக் கொண்டதா, ஊர்ச் சமூகத்தோடு சேர்ந்ததா என்றெல்லாம் அளக்க 1984-இல் ஒரு சட்டகம் தந்தார். 2000-இல் ஜாய் கிராஸ்பியுடன் சேர்ந்து ஆசிரியருக்குப் பன்னிரண்டு வேடங்கள் உண்டு என்று எழுதினார்; விரிவுரையாற்றுவது அதில் ஒன்று மட்டுமே. மெடிக்கல் டீச்சர் என்ற ஆய்விதழின் ஆசிரியராகவும் நெடுங்காலம் இருந்தார்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது, அவர் கண்டுபிடிப்பைப் பிறர் விடாமல் சோதித்ததுதான். 1999-இல் பிரையன் ஹாட்ஜஸும் சக ஆய்வாளர்களும் கனடாவில் ஒன்றைக் கவனித்தார்கள். பட்டியல்படி மதிப்பெண் போட்டால் அனுபவம் மிக்க மருத்துவர்கள் இளையவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள்! காரணம் எளிது. பழம் தின்று கொட்டை போட்ட மருத்துவர் நாற்பது கேள்வி கேட்கமாட்டார். நாலு கேட்டே நோயைப் பிடித்துவிடுவார். பட்டியலோ கேள்விகளை எண்ணிக்கொண்டிருக்கும். ஆக, பட்டியலோடு, மருத்துவர் செய்ததை ஒட்டுமொத்தமாகப் பார்த்துத் தேர்வாளர் இடும் மதிப்பீடும் வேண்டும் என்ற வாதம் வலுத்தது.

இந்தியாவில்? டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் ஆசிரியர்கள் இதே முறையை ஆய்வகச் செய்முறைக்கு மாற்றி 1986-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படையிலானதாக மாறியபோது, நோயாளியோடு பேசுவதும் கற்பிக்க வேண்டிய பாடமாயிற்று. தொடக்கத்தில் நடக்கும் அடித்தளப் பயிற்சியில் உள்ளூர் மொழியும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். சித்தூர் வட்டத்தில் உள்ளூர் மொழி எது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

[காட்சி: ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் மணி.]

இந்த எல்லைக்கென்று ஒரு நிலையம் அமைத்தால் எப்படி இருக்கும் என்று நானே எழுதிப் பார்த்தேன். நோயாளியாக நடிக்கக் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காய்கறி விற்கும் ஓர் அம்மா. அவருக்குத் தரும் அட்டையில் இரண்டே வரி: ‘நெஞ்சு வலிக்கிறது என்று தமிழில் மட்டும் சொல்லுங்கள். எங்கே என்று கேட்டால் கையால் தொட்டுக் காட்டுங்கள். கேட்காவிட்டால் காட்ட வேண்டாம்.’ தேர்வாளர் பட்டியலில் முதல் வரி: ‘வலி என்றால் என்ன என்று நோயாளியிடமே கேட்டு உறுதி செய்துகொண்டாரா?’

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்த அம்மாவுக்கு நாள்கூலி எவ்வளவு தருவார்கள்?” என்றார். பட்டியலில் அதை நான் சேர்க்கவில்லை.