எதிர்த்தவரை விடுங்க, வாயே திறக்காதவங்களைப் பாருங்க

ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "சார், எடிங்டன் நம்ம சந்திரசேகரை சபையில வச்சு அவமானப்படுத்தினது நிறவெறிதானே?" எடிங்டன் அன்னைக்குப் பேர் பெற்ற ஆங்கிலேய வானியலாளர், சந்திரசேகர் நம்ம ஊர் இளம் வானியற்பியலாளர். கேட்டதிலேருந்து இதே நினைப்புதான் எனக்கு.

வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம், அதைப் பத்தி ஏற்கெனவே பேசியிருக்கோம், கணக்குக்குள்ள மறுபடி போகலை. 1935 ஜனவரி 11, லண்டன், ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டிங்கற வானியலாளர்கள் சங்கத்தோட கூட்டம். சந்திரசேகருக்கு 24 வயசு. சூரியனோட நிறையில சுமார் 1.4 மடங்குக்கு மேல போனா ஒரு நட்சத்திரம் வெண்குறுமீனா நிக்காது, சுருங்கிக்கிட்டே போகும்னு சொல்லிட்டு உட்கார்றார். அடுத்து எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமா நடந்துக்காம தடுக்க இயற்கையில ஒரு விதி இருக்கணும்னு சொல்றார். சபையே சிரிக்குது.

அவர் மனசுல நிறவெறி இருந்துச்சா, நான் எப்படிச் சொல்ல? ஆனா அதே எடிங்டன்தான் கேம்பிரிட்ஜ்ல சந்திரசேகரோட அறைக்கே அடிக்கடி வந்து, கணக்கு எந்த அளவுல இருக்குன்னு விசாரிச்சவர். அன்னைக்குப் பேசக் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கேலி பண்ணினது தப்பு. ஆனா மனசுல பட்டதை நாலு பேர் முன்னாடி சொன்னார் பாருங்க, அதுல எனக்குக் குறையே இல்லை.

நீங்க கேட்டிருக்க வேண்டியது மத்தவங்களைப் பத்தி. கூட்டம் முடிஞ்சதும் மில்ன்ங்கற இன்னொரு வானியற்பியலாளர் வந்து, எடிங்டன் சொல்றதுதான் சரின்னு என் எலும்பே சொல்லுதுன்னார். எலும்பாம்! சமன்பாட்டுல எங்க தப்புன்னு ஒரு வார்த்தை இல்லை. சந்திரசேகர் கோபன்ஹேகன்ல இருந்த இயற்பியலாளர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதறார். ரோசன்ஃபெல்டும், அணு இயற்பியல் மேதை நீல்ஸ் போரும் பார்த்துட்டு, எடிங்டன் சொல்றதுல அர்த்தமே இல்லைங்கறாங்க. இயற்பியலாளர் வுல்ஃப்காங் பாலியும் அதையேதான் சொல்றார். எல்லாம் கடிதத்துல, காதோட காதா! வெளியில வந்து ரெண்டு வரி எழுதுங்கன்னா, யாரும் தயாரா இல்லை.

அதே வருஷம் பாரிஸ்ல சர்வதேச மாநாடு. எடிங்டன் மறுபடி பேசறார். பதில் சொல்லணும்னு சந்திரசேகர் சீட்டு அனுப்பறார். தலைமை தாங்கின அமெரிக்க வானியலாளர் ரஸ்ஸல், வேண்டாமேன்னுட்டார். தனியா அவரும் எடிங்டனை நம்பலைன்னுதான் சொன்னவர்!

மறுபடி சொல்றேன், எதிர்ப்பை சந்திரசேகர் தாங்கிட்டார். எடிங்டனோட நட்பையும் விடலை. ஆனா தனக்கு சரின்னு தெரிஞ்சும் ஊமையா இருந்தவங்களாலதான், வானியலாளர்கள் மத்தியில எடிங்டன் பேச்சே வருஷக்கணக்கா எடுபட்டுச்சு. கணக்கு எங்க சரின்னு 1936ல அச்சுல எழுதினார் பயர்ல்ஸ்ங்கற இயற்பியலாளர். பின்னாடி சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைச்ச கதை எல்லாருக்கும் தெரியும், பயர்ல்ஸ் கட்டுரையைப் பத்தி அடுத்த வீடியோவுல பேசறேன்.