அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க மாட்டோம்!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தோழமைகளே, அவையோரே, வணக்கம்.

'பத்திரிகைத் துறையில் பெண்களின் பெரும் சாதனை செய்திக் களத்திலா, ஆசிரியர் நாற்காலியிலா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் களத்துக்காகப் பேசிய சகோதரி, போர்முனைக்குப் போன நிருபர் பிரபா தத்தைச் சொன்னார், போபர்ஸ் பீரங்கி பேர ஊழலை எழுதிய நிருபர் சித்ரா சுப்ரமணியத்தைச் சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், எங்கள் அணித்தலைவர் பார்க்காத நேரமாகப் பார்த்து.

ஆனால் சகோதரி இரண்டு கதையையும் பாதியில் நிறுத்திவிட்டாரே ஐயா! 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பிரபா தத் எப்படி முனைக்குப் போனார்? அனுப்புங்கள் என்று பத்திரிகையில் கேட்டார். முடியாது என்றார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தானாகவே பஞ்சாப் எல்லையிலுள்ள கேம்கரணுக்குப் போய் அங்கிருந்து செய்தி அனுப்பினார். வந்து குவிந்த செய்தியை அச்சிடாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. வீரம்தான், யார் மறுத்தது? ஆனால் ஒரு நிருபர் லீவு போட்டுவிட்டுப் போரை எழுத வேண்டிய நிலைமை ஏன் வந்தது? அவரைத் தடுத்தது பாகிஸ்தான் பீரங்கியா? டெல்லியில் மின்விசிறிக்குக் கீழே இருந்த ஒரு நாற்காலி! அதில் இன்னொரு பிரபா தத் உட்கார்ந்திருந்தால் பயணப்படியும் கொடுத்து அனுப்பியிருப்பார்.

சித்ரா சுப்ரமணியம் போபர்ஸ் ஆவணங்களை ஜெனீவாவிலிருந்து தேடித் தேடி எடுத்தார். நாடே படித்தது. 1989-இல், வெளியிட்டு வந்த நாளேடு தொடரை இடையில் நிறுத்திக்கொண்டது. அவர் வேறு பத்திரிகைகளுக்குப் போய் எழுத வேண்டியதாயிற்று. எழுதிய கை அதேதான், கையிலிருந்த ஆவணமும் அதேதான். நிறுத்தலாம் என்று சொல்லும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை. எதிரணி எங்களுக்காகவே இந்த இரண்டு உதாரணங்களையும் தேடிக் கொண்டுவந்தது போலிருக்கிறது, நன்றி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1905-இல் 'சக்ரவர்த்தினி' என்று பெண்களுக்கான ஒரு மாத இதழ் வந்தது. ஆசிரியர் யார்? பாரதி. பெண்களுக்காக ஒரு மகாகவி பேசினான், கும்பிடுகிறோம். ஆனால் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதைப் பெண்ணே முடிவுசெய்து அச்சுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? 1925-இல் திருவல்லிக்கேணியில் அது நடந்தது.

வை.மு. கோதைநாயகி. பிறந்தது 1901. ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை. முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை 1925-இல் எடுத்து நடத்த ஆரம்பிக்கிறார். நடுத்தெருவில் போகும்போது கேலி, வீட்டுப் பெண்ணுக்கு எதற்குப் பத்திரிகை என்று ஏச்சு. அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? மாதம் தவறாமல் அடுத்த இதழைக் கொண்டுவந்தார். ஏசியவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் இல்லை.

நாவல் எழுதினார், 115 நாவல். அதைத்தான் எல்லோரும் சொல்வோம். எனக்கு அந்த எண்ணிக்கையைவிடப் பெரியதாகத் தெரிவது, ஏறக்குறைய 35 வருடம் ஒரு மாத இதழை நிற்கவிடாமல் நடத்தியது. காகிதம் வாங்கணும், அச்சுக்கூடத்தோடு மல்லுக்கட்டணும், சந்தா பாக்கியை வசூலிக்கணும், பிழை திருத்தணும், நடுவில் தன் தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்தையும் எழுதணும். 1932-இல் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தார். 'நானும் எழுதிப் பார்க்கட்டுமா' என்று தயங்கிய எத்தனையோ பெண்களுக்கு அந்த இதழ் பக்கம் ஒதுக்கியது. களத்தில் நிற்கும் ஒரு பெண் தன் செய்தியைக் கொண்டுவருவார். ஆசிரியராக இருக்கும் பெண் இன்னும் பத்துப் பேரைக் கொண்டுவருவார். இந்த ஒரு கணக்குக்கு மட்டும் எதிரணி விடை சொன்னால் போதும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

"ஆபத்தெல்லாம் களத்தில்தான், நாற்காலி சொகுசு" என்றார் சகோதரி. அப்படியா? 2024 வரை நடைமுறையில் இருந்த 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு இதழிலும் ஆசிரியரின் பெயர் அச்சாக வேண்டியிருந்தது. எதற்கு? அழகுக்கா? வழக்கு என்று வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்கு. 1933-இல் 'குடி அரசு' ஒரு தலையங்கம் எழுதியது, இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று. கைதானவர் பெரியார் மட்டுமா? அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாளும் கைதானார். அவர் வெளியீட்டாளர், ஆசிரியர் இல்லை. நடுவர் ஐயா நுணுக்கம் பார்ப்பவர், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதழில் தன் பெயரைப் போட்டவர் சிறைக்கும் போக வேண்டியிருந்ததா இல்லையா?

அடுத்து, "பெண் ஆசிரியர் என்றால் கோலமும் கூட்டுப்பொரியலும்தானே" என்று ஒரு குத்து. அவை சிரித்தது. ஒப்புக்கொள்கிறேன், பல நிறுவனங்கள் பெண்களுக்கு அந்தப் பக்கத்தை மட்டும்தான் கொடுத்தன. அது கொடுத்தவர்களின் குறை. கொடுத்த இடத்தில் என்ன நடந்தது? வாஸந்தி 'இந்தியா டுடே' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக இருந்தார். அது அரசியல் இதழ், சமையல் குறிப்பு இல்லை. 'கல்கி'க்கு சீதா ரவி ஆசிரியராக இருந்தார். 1878-இல் தொடங்கிய 'தி இந்து'வுக்கு முதல் பெண் ஆசிரியராக மாலினி பார்த்தசாரதி வந்தது 2015-இல். 137 வருடம்! "குடும்பப் பத்திரிகைதானே" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அதே குடும்பத்து ஆண்கள் உட்கார்ந்தபோது யாராவது முணுமுணுத்தீர்களா?

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கனமானது. 2019, பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அரசாணையிலேயே வந்துவிட்டது, உயர்நீதிமன்றமே கண்டித்தது. அந்தக் காகிதத்தின் நகல் ஒரு நிருபர் கைக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். அவர் ஓடிவந்து அலுவலகத்தில் கொடுக்கிறார். மணி இரவு பத்து, பக்கம் முடிக்க வேண்டும். அந்தப் பெயரை அடித்து நீக்குவதா அப்படியே விடுவதா, அவள் கல்லூரியைப் போடுவதா வேண்டாமா, தலைப்பில் அவளை வைப்பதா குற்றம் செய்தவனை வைப்பதா? இதைக் களம் முடிவுசெய்யாது. பேனாவோடு உட்கார்ந்திருப்பவர் முடிவுசெய்வார். அந்த இடத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது பதவி ஆசையிலா ஐயா?

ஐயாவின் கை மணிப்பக்கம் போகிறது, முடித்துவிடுகிறேன். எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. புதிதாகச் சேர்ந்த பெண் நிருபரை மலர்க் கண்காட்சிக்கும், அவளோடு சேர்ந்த பையனைச் சட்டமன்றத்துக்கும் அனுப்புவது யார்? அவர் பெயரைச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.