குழந்தை தூங்கிட்டா அந்தப் பையை யார் தூக்குறது? விமானப் பயணத்துக்குப் பிள்ளைகளோட பை வாங்குறதுக்கு முன்னாடி

வணக்கங்க. மேசை மேல நாலு பை வெச்சிருக்கேன், தெரியுதா? இது ஒரு குட்டி பேக்பேக். இது கைப்பிடி நீளுற ட்ராலி. இது பிள்ளை மேல உட்கார்ந்து உருட்டிக்கிட்டு வர்ற பெட்டி. ஓரத்துல இருக்கிறது கைக்குழந்தைக்கான டயப்பர் பை. ஏழு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளோட விமானம் ஏறப் போறவங்க இதுல எதை வாங்கணும், எதை விடணும்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

கடையில பை எடுக்கும்போது பிள்ளை நல்லா முழிச்சுக்கிட்டு, குஷியா இருக்கும். அந்த நேரத்துல எந்தப் பையைக் கொடுத்தாலும் அது இழுத்துக்கிட்டு ஓடும். நாம பையைச் சோதிக்க வேண்டியது அந்த நேரத்தை வெச்சு இல்லைங்க. நடுராத்திரி விமானம் இறங்குது, பிள்ளை உங்க தோள்ல அசந்து தூங்குது, ஒரு கையில பாஸ்போர்ட், குடியேற்ற வரிசை நீளமா நிக்குது. அப்போ பிள்ளையோட பை எங்க இருக்கும்? உங்ககிட்டதான். அதனால முதல் கேள்வி, பிள்ளையையும் தூக்கிக்கிட்டு, இந்தப் பையையும் ஒரே ஆள் கொண்டுபோக முடியுமா? முடியாதுன்னா அந்தப் பை எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

இப்போ இந்த பேக்பேக்கோட முதுகுப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுறேன். குறுக்கே ஒரு அகலமான துணிப்பட்டை தைச்சிருக்காங்க, ரெண்டு பக்கமும் தைச்சு நடுவுல திறந்திருக்கு. இதை உங்க ட்ராலியோட கைப்பிடியில மாட்டி இறக்கிட்டா, ரெண்டு பையும் ஒரே பை மாதிரி உருளும். பிள்ளைங்க பையில இந்தப் பட்டை இருக்கிறது குறைவு. இல்லேன்னா, மேல இருக்கிற தூக்குப்பிடியில கோர்க்கிற மாதிரி ஒரு நல்ல கொக்கி வாங்கி வெச்சுக்கோங்க. அதுவும் வேண்டாம்னா, காலிப் பையை மடிச்சு உங்க பைக்குள்ள திணிக்க முடியுற மாதிரி மெல்லிய துணியில எடுங்க.

அளவுக்கு வருவோம். பல விமான நிறுவனங்கள்ல கேபின் பைக்கு 55 × 40 × 20 செ.மீ., 7 கிலோ அப்படிங்கற மாதிரிதான் வரம்பு. சிலர் 8, 10 கிலோ விடுவாங்க. சிலர்கிட்ட அளவும் கொஞ்சம் மாறும். டிக்கெட்டுல போட்டிருக்கிறதுதான் உங்களுக்குக் கணக்கு. இந்த அளவு சக்கரம், கைப்பிடி, வெளிய புடைச்சிருக்கிற பாக்கெட் எல்லாத்தையும் சேர்த்துதான். பல பெட்டிகள்ல ஒட்டியிருக்கிற அளவு உடம்புக்கு மட்டும் போட்டது. சக்கரம் சேர்ந்தா மூணு, நாலு செ.மீ. கூடிடும். பெட்டியைச் சுவரோட ஒட்டி நிக்க வெச்சு, தரையிலேர்ந்து உச்சி வரைக்கும் நீங்களே டேப்பால அளந்து பாருங்க.

2 வயசு முடிஞ்ச பிள்ளைக்குத் தனி சீட், அதனால பெரியவங்க மாதிரியே கேபின் பை உண்டு. 2 வயசு ஆகாம மடியில உட்கார்ற குழந்தைக்கு பெரும்பாலும் முழு பை கிடைக்காது, டயப்பர் பை ஒண்ணு மட்டும் சேர்த்து விடுவாங்க. அதுவும் இல்லாத டிக்கெட்டும் உண்டு. போகும்போது 2 வயசு ஆகலை, திரும்பி வர்றதுக்குள்ள பிறந்தநாள் வந்துடுதுன்னு வைங்க. திரும்பி வர்ற விமானத்துல தனி சீட் எடுக்கணும். பை கணக்கும் அதோட மாறும்.

சரி, பேக்பேக். 3 வயசுலேர்ந்து 5 வயசு வரைக்கும் என் பரிந்துரை இதுதான், வேற எதுவும் இல்லை. ஏன்னா ரெண்டு கையும் காலியா இருக்கும். ஒரு கை உங்க கையைப் பிடிக்கணும்ல?

எடைக் கணக்கு பாருங்க. பிள்ளையோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல முதுகுல ஏத்த வேண்டாம். 4 வயசுப் பிள்ளை 16 கிலோன்னு வெச்சுக்கிட்டா 1.6 கிலோ. அதுல காலிப் பையே 300 கிராம். 350 மி.லி. தண்ணி, பாட்டிலோட சேர்த்து அரைக்கிலோ. மீதி 800 கிராம்தான். ஒரு செட் துணி, ஒரு புத்தகம், ஒரு பொம்மை, கணக்கு முடிஞ்சுது. அதனால தண்ணி பாட்டிலை உங்க பைக்கு மாத்திடுங்க. 3, 4 வயசுக்கு 5லேர்ந்து 8 லிட்டர் பை போதும். 5, 6 வயசுக்கு 10 லிட்டர். வளர்ந்தாலும் ஆகும்னு 15 லிட்டர் வாங்கினா, இடம் இருக்கேன்னு நாமளே ரொப்பிடுவோம்.

பையை மாட்டி நிக்க வெச்சுப் பாருங்க. அடிப்பக்கம் இடுப்புக்குக் கீழ தொங்கக் கூடாது. மேல்பக்கம் கழுத்துக்கு மேல வரக் கூடாது, வந்தா அண்ணாந்து பார்க்கும்போது தலை இடிக்கும். சின்னப் பிள்ளைங்க தோள் சரிவா இருக்கும், பட்டை வழுக்கிக்கிட்டே வரும். அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் நெஞ்சுக்குக் குறுக்கே வர்ற இந்தச் சின்னப் பட்டை. இது இல்லாத பையை எடுக்காதீங்க. இழுத்தா தானா விடுபடுற பக்கிளா இருந்தா ரொம்ப நல்லது, எங்கயாவது மாட்டிக்கிட்டா கழுத்தை இறுக்காது. பையை மாட்டிவிட்டபடியே ஸ்ட்ரோலர்ல உட்கார வெச்சு பெல்ட் போடாதீங்க. முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவுல பை இருந்தா பெல்ட் தளர்ந்து, பிள்ளை முன்னாடி சறுக்கும்.

ஜிப்பைப் பிள்ளை தானே திறக்கணும், மூடணும். இழுக்கிற நாக்கு சின்னதா இருந்தா அதுல ஒரு கயிறு வளையம் கட்டிவிடுங்க. உள்பக்கத் துணி வெளிர் நிறமா இருந்தா தேடுற பொருள் உடனே கண்ணுல படும். கரடி, முயல் உருவத்துல பஞ்சு அடைச்சு வர்ற பைங்க இருக்கே, பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா பாதி இடத்தைப் பஞ்சே எடுத்துக்கும், மடிக்கவும் முடியாது.

இப்போ ட்ராலி. 5 வயசுக்கு முன்னாடி வேண்டாம். பெரியவங்க கேபின் ட்ராலி கைப்பிடியை முழுசா நீட்டினா தரையிலேர்ந்து சுமார் 1 மீட்டர் வரும். 110 செ.மீ. உயரப் பிள்ளைக்கு அது முகத்துக்கு நேரா நிக்கும். கையை மேல தூக்கிக்கிட்டே இழுக்கணும், அஞ்சு நிமிஷத்துல கை வலிச்சு விட்டுடும். கைப்பிடி ரொம்பக் குட்டையா இருந்தா பெட்டி குதிகால்ல இடிச்சுக்கிட்டே வரும். ரெண்டு, மூணு உயரத்துல நிக்கிற கைப்பிடியா எடுங்க. கடையிலேயே உள்ள மூணு கிலோ எடை போட்டு, இருபது அடி நடக்கவிட்டு, ஒரு திருப்பத்துல வளைச்சு இழுக்கவும் சொல்லிப் பாருங்க. நேரா இழுக்கிறது யாருக்கும் வந்துடும், திருப்பத்துலதான் பெட்டி கவிழும்.

நாலு சக்கரமா, ரெண்டு சக்கரமா? பெரியவங்களுக்கு நாலு சக்கரம் சுகம். பிள்ளைக்கு நான் ரெண்டு சக்கரம்தான் சொல்லுவேன். விமானத்துக்குப் போற பாலம் சரிவா இருக்கும். விமானம் வரைக்கும் கூட்டிட்டுப் போற பஸ் திடீர்னு பிரேக் போடும். நாலு சக்கரப் பெட்டியை ஒரு நொடி விட்டாலும் ஓடிடும், அதைப் பிடிக்க பிள்ளையும் பின்னாடியே ஓடும். ரெண்டு சக்கரம் நிமிர்த்தி வெச்சா வெச்ச இடத்துல நிக்கும். சக்கரம் குறைஞ்சது 5 செ.மீ. விட்டமாவது இருக்கணும். லிஃப்ட் கதவு இடுக்கு, பாலத்துக்கும் விமானத்துக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு, இங்கெல்லாம் குட்டிச் சக்கரம் மாட்டிக்கும். எஸ்கலேட்டர்ல மட்டும் பிள்ளை கையில எந்தச் சக்கரப் பெட்டியும் கொடுக்காதீங்க. லிஃப்ட் இருக்கும், தேடிப் போங்க.

படம் போட்ட கெட்டி ஓட்டுப் பெட்டிங்க நிறைய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். விறைப்பா இருக்கும், மூலையில அடிபட்டா விரிசல் விடும். பாலிகார்பனேட்ங்கற பிளாஸ்டிக் வளைஞ்சு திரும்ப நிமிரும். பெட்டி நடுவுல ரெண்டு கட்டைவிரலால அழுத்துங்க. உள்ள போய் நிதானமா வெளிய வந்தா நல்லது.

அடுத்தது எல்லாரும் கேட்கிற உட்கார்ந்து போற பெட்டி. இதைப் பத்திக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். வழக்கமான மாடல் 18 லிட்டர், காலியாவே 1.7 கிலோ. நீளம் 46 செ.மீ. கேபின் அளவுக்குள்ள வந்துடும், சரி. ஆனா 7 கிலோவுல நாலுல ஒரு பங்கு பெட்டிக்கே போயிடுது. ரெண்டு பாதியா விரியற மாதிரி திறக்கும். அதனால சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு ஒரு பொம்மையை எடுக்க முடியாது, திறந்தா எல்லாம் கொட்டும். வழவழப்பான தரையில அருமையா ஓடும். கம்பளத்துல நின்னுடும். சரிவுல கவிழும். பிள்ளை உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசாப் படியணும், குதிகால் தூக்கியிருந்தா இன்னும் ஒரு வருஷம் போகட்டும். தோள்ல மாட்டுற பட்டை கூடவே வருதான்னு பாருங்க. தூங்கின பிள்ளையோட இதைக் கொண்டுபோக அந்தப் பட்டை ஒண்ணுதான் வழி. இணைப்பு விமானத்துக்கு மூணு, நாலு மணி நேரம் காத்திருக்கணும்னா இந்தப் பெட்டி காசுக்குத் தகும். நேரடி விமானத்துக்குத் தேவையில்லை.

சீட்டுக்கு முன்னாடி நீட்டி படுக்கை ஆக்குற பெட்டியும் வருது. அவசரத்துல வெளியேறும் வழியை மறைக்கும்னு சில விமான நிறுவனங்கள் அதை அனுமதிக்கிறதில்லை. பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி உங்க நிறுவனத்தோட விதியைப் படிச்சிடுங்க. மோட்டார் வெச்சு ஓடுற பெட்டின்னா, லித்தியம் பேட்டரியைக் கழட்ட முடியணும். கழட்ட முடியாத பேட்டரிப் பெட்டிகளை 2018 ஜனவரியிலேர்ந்தே விமான நிறுவனங்கள் தடுக்குது. பவர் பேங்க் எப்பவும் கேபின்லதான், செக்-இன் பெட்டிக்குள்ள போடக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-அவர், அதாவது பேட்டரியில அடங்குற மின்சக்தியோட அளவு. 20,000 எம்.ஏ.எச்.ன்னா சுமார் 74 வாட்-அவர், அந்த வரம்புக்குள்ளதான் வருது. ஆனா அதைப் பிள்ளை பையில வைக்காதீங்க.

எந்தப் பையா இருந்தாலும், பறக்கும்போது தேவைப்படுறது முன்சீட்டுக்கு அடியில இருக்கணும். பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து மேல் அலமாரியைத் திறக்க விடமாட்டாங்க, பிள்ளை வாந்தி எடுக்கிறது பெரும்பாலும் அந்த நேரத்துலதான். 40 × 30 × 20 செ.மீ.க்குள்ள இருக்கிற துணிப்பை பல விமானத்துல சீட்டுக்கு அடியில போயிடும். தடுப்புச் சுவருக்குப் பின்னாடி இருக்கிற முதல் வரிசை சீட் எடுத்திருந்தா, விமானம் மேல கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் கீழ எதுவும் வைக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு வேண்டியதைச் சின்ன உறையில போட்டு முன்னாடியே வெளிய எடுத்துக்கணும்.

உள்ள அடுக்குறதுக்குக் கண்ணாடி மாதிரி தெரியற ஜிப் பைகள் நாலு வாங்குங்க. ஒரு பையில ஒரு முழு செட். சட்டை, கால்சட்டை, உள்ளாடை, சாக்ஸ், கூடவே ஈரத்துணி போட ஒரு காலி கவர். 3 வயசுக்குக் கீழன்னா ரெண்டு செட். உங்களுக்கும் ஒரு சட்டை கட்டாயம் வெச்சுக்கோங்க. குழந்தை கக்கினா அது உங்க மேலதான் விழும். டயப்பர் பை விஷயத்துல, விமானக் கழிப்பறை ரொம்பக் குறுகல், முழுப் பையை உள்ள கொண்டுபோய் வைக்க இடம் இருக்காது. ரெண்டு டயப்பர், துடைக்கிற ஈரத் தாள், விரிப்பு, கவர், இவ்வளவும் ஒரு கைப்பிடி பௌச்சுல தனியா இருக்கணும். அதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க.

பொம்மையில, உருளுறது வேண்டாம், சீட்டுக்கு அடியில போனா அவ்வளவுதான். கிரேயான் முக்கோண வடிவத்துல வாங்குங்க. ஸ்லைம், சோப்புக் குமிழி திரவம் இதெல்லாம் திரவக் கணக்கு, 100 மி.லி.க்கு மேல இருந்தா பல விமான நிலையங்கள்ல செக்யூரிட்டியில எடுத்துடுவாங்க. பொம்மைத் துப்பாக்கி பிளாஸ்டிக்கா இருந்தாலும் கேபின்ல விடமாட்டாங்க. பிள்ளை அது இல்லாம தூங்காதுங்கற ஒரு பொம்மை இருக்கும்ல, அதை ஸ்கேனர்ல போடுறதுக்கு முன்னாடியே "உள்ள போயிட்டு அந்தப் பக்கம் வந்துடும்"னு சொல்லிடுங்க. அங்க திடீர்னு பிடுங்கினா பிள்ளை பயந்துடும், பாவம். குழந்தைக்கான பால், மருந்துக்கு பல நாடுகள்ல 100 மி.லி. வரம்புலேர்ந்து விலக்கு உண்டு. ஆனா தனியா எடுத்துக் காட்டிச் சொல்லணும். அதனால மேலாக வைங்க.

உறிஞ்சுகுழல் வெச்ச தண்ணி பாட்டில் பத்தி ஒண்ணு. மேல போனதும் கேபின் காத்தழுத்தம் 6,000லேர்ந்து 8,000 அடி உயர மலையில இருக்கிற அளவுக்குக் குறையும். மூடின பாட்டிலுக்குள்ள இருக்கிற காத்து விரியும். 350 மி.லி. பாட்டில்ல பாதி தண்ணி, பாதி காத்துன்னா, குழலைத் திறந்ததும் 60 மி.லி. வரைக்கும் தண்ணி முகத்துல பீச்சும். முதல்ல மேல்மூடியைத் திருகி ஒரு தடவை காத்தை விட்டுட்டு, அப்புறம் குழலைத் திறங்க.

செக்-இன் பெட்டிக்கு, பிள்ளைக்குன்னு தனிப் பெட்டி வேண்டாம். எண்ணிக்கைக் கணக்குல விடுற டிக்கெட்டுல 8 கிலோ பெட்டியும் ஒண்ணுதான், 23 கிலோ பெட்டியும் ஒண்ணுதான். பிள்ளைங்க துணியைப் பாதிப் பாதியா ரெண்டு பெரிய பெட்டியில பிரிச்சு வைங்க. ஒண்ணு வராம போனாலும் மாத்துத்துணி இருக்கும். சக்கரமோ ஓடோ உடைஞ்சு வந்தா, பெட்டி வர்ற பெல்ட் இருக்கிற கூடத்தை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே புகார் எழுதி நகல் வாங்கிடுங்க. சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு எழுத்துல புகார் கொடுக்க, பெட்டி கைக்கு வந்ததுலேர்ந்து 7 நாள்தான் அவகாசம்.

பிள்ளை பேரை வெளிய தெரியற மாதிரி எழுதாதீங்க. யாரோ ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டா, தெரிஞ்சவங்கன்னு நினைச்சு அது கூடப் போயிடும். உங்க ஃபோன் நம்பரை நாட்டுக் குறியீட்டோட எழுதிப் பைக்குள்ள ஒரு சீட்டு, சட்டைப் பையில ஒரு சீட்டு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் எல்லாத்தையும் அடுக்கி, பிள்ளையைத் தோள்ல போட்டு, பைகளை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே பத்து நிமிஷம் நடங்க. கதவைத் திறந்து பாருங்க, பாஸ்போர்ட்டை ஒரு கையால எடுத்துப் பாருங்க. முடியலேன்னா ஒரு பையைக் குறைங்க. குறைக்க வேண்டியது பெரும்பாலும் அந்த ட்ராலியாத்தான் இருக்கும். கார் சீட்டும் ஸ்ட்ரோலரும் தனிக் கதை, அதை அடுத்த வீடியோவுல பிரிச்சு வெச்சே காட்டுறேன்.