ஆசானும் அவருக்கு அடுத்து வந்தவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரைக்கும் நம் குமரிக் கடற்கரையில் கால்பந்தாட்டம் பற்றிப் பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்தில் கொச்சி வந்துவிடும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் பலவும் கொச்சித் துறைமுகமான தோப்பும்படியில்தானே மீன் இறக்குகின்றன. இறங்கின கையோடு மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கலூர் ஸ்டேடியத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஐஎஸ்எல் லீக்கில் ஆடும் கேரளா பிளாஸ்டர்ஸ் அசலூர் அணி இல்லை.

அந்தப் பிள்ளைகள் இப்போது இரண்டு கட்சி. எல்லாம் பிளாஸ்டர்ஸின் முன்னாள் கோச் இவான் வுகோமனோவிச்சால் வந்தது; ஒரு கட்சி அவர் பக்கம், இன்னொன்று எதிர்ப்பக்கம். ரசிகர்கள் 'ஆசான்' என்று கூப்பிட்ட செர்பியாக்காரர்.

அவர் பொறுப்பேற்ற 2021இல், பிளாஸ்டர்ஸ் அதற்கு முந்தைய சீசனில் 11 அணிகளில் 10ஆவதாக முடித்திருந்தது. அடுத்த மார்ச் மாதமே கோவாவின் ஃபதோர்டாவில் ஃபைனல். நம்ம ராகுல் கோல் போட்டார். 88ஆவது நிமிடத்தில் ஹைதராபாத் சமன் செய்தது. பெனால்டியில் 3-1 என்று கோப்பை கைவிட்டுப் போனது. அதன் பிறகும் இரண்டு சீசன் தொடர்ந்து பிளே ஆஃப். "2014லயும் 2016லயும் ஃபைனல் ஆடினோமே, இவர் என்ன புதுசா செஞ்சார்?" என்கிறது எதிர்க்கட்சி. கோப்பை வரவில்லை என்பது உண்மைதான்.

ஆனால் அவருக்கு முன்பு எந்தக் கோச்சும் அடுத்தடுத்த இரண்டு சீசனை முழுதாக நடத்தியதில்லை. இவான் மூன்று வருடம் நின்றார். விபின் மோகனன், லட்சத்தீவு இரட்டையர் ஐமன், அஸ்ஹர் எல்லாரும் அப்போது மேலே வந்தவர்கள்தான். ஒருவரே நீடித்திருந்தால்தான் இளசுகளை நம்பி இறக்க முடியும்.

பெங்களூரு விஷயத்தில் மட்டும் நான் ஆசான் பக்கம் இல்லை. 2023 மார்ச் 3, பெங்களூரு அணியோடு பிளே ஆஃப் மேட்ச், எக்ஸ்ட்ரா டைம். பிளாஸ்டர்ஸ் சுவர் அமைக்கும் முன்பே பெங்களூருவின் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்து கோலாக்கினார். இவான் அணியை மைதானத்தை விட்டே வெளியே அழைத்துக்கொண்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 மேட்ச் தடை. அந்த ராத்திரியில்தான் பலருக்கு அவர் வீரனானார். ஆட்டத்தில் இன்னும் 20 நிமிடத்துக்கு மேல் இருந்தது. லூனா, டயமன்டகோஸ் மாதிரி வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு கோலைத் திருப்ப முடியாதா?

அடுத்த சீசனில் முதல் 12 மேட்சில் 26 பாயின்ட் எடுத்து முதலிடம். இதற்கு நடுவே டிசம்பரிலேயே லூனாவுக்குக் காயம். கடைசி 10 மேட்சில் வெறும் 7 பாயின்ட். 2024 ஏப்ரலில் பிரிந்தார்.

அடுத்து வந்த ஸ்வீடன்காரர் மிக்கேல் ஸ்டாரே, 2009இல் ஏஐகே அணியைத் தன் நாட்டு லீக் சாம்பியன் ஆக்கியவர். டூரண்ட் கோப்பையில் மும்பையை 8-0 என்று அடித்துத்தான் தொடங்கினார். மும்பை இறக்கியது இரண்டாம் வரிசை அணி என்பதை அன்று யார் பார்த்தார்கள்! லீக்கில் 12 மேட்ச், 3 வெற்றி, 7 தோல்வி. டிசம்பரில் வேலை போயிற்று.

"டயமன்டகோஸை ஈஸ்ட் பெங்காலுக்கு விட்டுட்டு, இவரைக் குத்தம் சொன்னா எப்படி?" என்று ஸ்டாரேக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. அது பாதி நியாயம். பதிலுக்கு வந்த ஹெசுஸ் ஹிமேனஸ் நன்றாகவே கோல் அடித்தார். ஓட்டை பின்வரிசையில் இருந்தது, ஸ்டாரே அதை அடைக்கவில்லை. ஆசான் கட்சியோ முதல் தோல்வியிலேயே பழைய ஆளோடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டது. பாவம், அந்த மனிதர் தோற்றது களத்தில் மட்டுமில்லை.

இரண்டு கட்சியும் கோச் உட்காரும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆட்களை விற்பதும் வாங்குவதும் நிர்வாகம். அந்த டிசம்பரில் 'மஞ்ஞப்பட' என்ற ரசிகர் குழுவினர் நிர்வாகத்துக்கு எதிராகக் குரல் எழுப்பியதைத்தான் நான் சரியான சண்டை என்பேன். ஸ்டாரே போன பின்பும் அந்த சீசன் 8ஆம் இடத்தில்தான் முடிந்தது. கோச்சை மாற்றுகிற செலவுக்கு பின்வரிசைக்கு ஒரு நல்ல ஸ்டாப்பரை வாங்கிப்போட்டிருக்கலாம்.

நன்றி, வணக்கம்.