விறகடுப்பில் புகை குறைய, நெருப்பு நின்று எரிய

(காட்சி: யாழ்ப்பாணத்து வீடொன்றின் அடுப்படி. புகைக்கூட்டின் கீழ் அடுப்பு எரிகிறது.)

வணக்கம். 2022இல் காஸ் கிடைக்காத நாட்களில் நாங்களும் விறகடுப்புக்குத் திரும்பினோம். அம்மம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிய அதே அடுப்பு. இப்போது அதன் பக்கத்திலிருந்து கதைத்துக்கொண்டே சமைக்கிறோம். விறகைக் கவனிக்கத் தொடங்கியதுதான் காரணம்.

(காட்சி: புகைகிற கொள்ளி, கிட்டத்தில்.)

விறகு சூடேறும்போது அதன் எடையில் பெரும்பகுதி வாயுவாக வெளியேறும். நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். எரியாமல் தப்பினால் புகை. காசு கொடுத்து வாங்கிய விறகு அப்படியே புகைக்கூட்டால் போகிறது.

ஏன் தப்புகிறது? பெரும்பாலும் ஈரம். பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல 7 மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுதாக ஆவியாக்க. சோற்றுக்குப் போகவேண்டிய சூடு விறகை உலர்த்தப் போய்விடும்.

(காட்சி: முற்றத்தில் விறகு அடுக்கு.)

அதனால் வைகாசி, ஆனியிலேயே கொத்திப் பிளந்துவிடுங்கள். பட்டை ஈரத்தை இலேசில் விடாது, பிளந்த பக்கத்தால்தான் காயும். நிலத்தில் படாமல் இரண்டு பனங்குற்றி போட்டு, சோளகக் காற்று ஊடே போக இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் மேலே மட்டும் தகரம். பக்கங்களை மூடவேண்டாம். ஒரு மாரிக்கு நாங்கள் படங்கால் முழுக்கப் போர்த்தினோம்; உள்ளே வியர்த்து, அடுக்கு முழுதும் பூஞ்சணம் பிடித்துப்போனது.

காய்ந்துவிட்டதா? இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்.

(ஒலி: 'டங்'. பிறகு 'தொப்'.)

முதலாவது காய்ந்தது. மற்றது இன்னும் வெயிலில் கிடக்கட்டும்.

(காட்சி: அடுப்பு மூட்டுதல்.)

சரி, மூட்டுவோம். முதலில் சாம்பலை வழித்து எடுங்கள். தேங்காய்ப் பொச்சும் காய்ந்த பனையோலையும் பற்றவைக்க மட்டும். குப்பென்று எரிந்து அடங்கிவிடும். பிறகு பெருவிரல் மொத்தத்தில் சுள்ளி, அது பிடித்ததும் வேம்பு, பூவரசு. அடுப்பு வாயை விறகால் அடைக்காதீர்கள், கீழால் காற்று போகவேண்டும். நுனி எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். புகைந்தால் ஊதுவதற்கு முன் ஒரு கொள்ளியை வெளியே இழுத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

அனகி என்ற இரட்டை மண் அடுப்பும் நல்லது. ஒரே நெருப்பில் முன்னால் சோறு, பின்னால் பருப்பு.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். தணலில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனொக்சைட் வரும். மணமே இல்லாத நஞ்சு அது. யன்னலைத் திறந்தே வையுங்கள், தணல் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

(காட்சி: கொள்ளியை மணலில் குத்தி அணைத்தல்.)

சோறு கொதித்து அடங்கும்போது கொள்ளிகளை இழுத்துவிடுங்கள், மிச்சம் தணலிலேயே வேகும். கொள்ளியைத் தண்ணீர் ஊற்றாமல் மணலில் குத்தி அணையுங்கள். அந்தக் கருகிய நுனிதான் நாளைக்கு முதலில் பிடிக்கும்.